பாலம் தாண்டும் வரைக்கும்

பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரியாதையைக் காட்டி பஸ்ஸில் ஓர் இருக்கைகூட வாங்க முடியாது. செட்டிபாளையத்துத் தெய்வமணி இதை முதலாம் ஆண்டிலேயே அறிந்துகொண்டாள். கார் என்பது அவள் ஊர்ப் பக்கத்தில் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குப் பிடிக்கிற சாமான். மற்ற நாள்களில் பஸ், பஸ் இல்லாவிட்டால் தெரிந்தவர் யாருடையதாவது சைக்கிள் கரியர், அதுவும் கிடைக்காவிட்டால் பொடிநடை. வந்தாறுமூலை வளாகத்துக்குப் போவதென்றால் ஒரு பஸ்ஸில் வந்து பாலத்தடியில் இறங்கி, பாலத்தை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் டவுனில் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டின் மாரிகாலம் அது. வாவியின் மேல் கிடந்த அந்தப் பழைய இரும்புப் பாலத்தின் இரண்டு முனையிலும் மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண்கள் இருந்தன. நிலைமை கெட்டால் வாகனங்களை நிறுத்திவிட்டு ஆட்களை மட்டும் நடக்க விடுவார்கள். அந்த வருடத்தில் நிலைமை கெடாத வாரம் அருமை. சுற்றிப் போக வேறு வழியும் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் புத்தியுள்ள யாரும் அதை வழியென்று சொல்லமாட்டார்கள்.

அந்தப் பாலத்துக்கென்று பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தனியாகப் போகிற இளம் பெண்ணைச் சிப்பாய்கள் காவலரணில் நிறுத்தி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், அண்ணன் தம்பி உண்டா என்று துருவிக்கொண்டே நிற்பார்கள். இரண்டு பேராகப் போனால் அவ்வளவு கேள்வி வராது. ஆகவே தனியாக வருகிறவள், பாலத்தடியில் பூட்டிக் கிடந்த தேநீர்க்கடையின் தாழ்வாரத்தில் துணைக்கு ஆள் வரும்வரை நிற்பாள். "சேர்ந்து போவம்" என்று ஒருத்தி சொன்னால் மற்றவள் கூட நடப்பாள். பெயர் கேட்பதில்லை. அந்தப் பக்கம் போனதும் ஒரு வார்த்தை இல்லாமல் பிரிந்துவிடுவார்கள். முக்கியமாக, ஒருவருக்கொருவர் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. நடுவில் ஒருத்தியை மறித்துவிட்டால் மற்றவள் நிற்பாளா நடப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. காப்பாற்ற முடியாத வாக்கை வாயால் விடக்கூடாது என்பதில் அந்தப் பெண்கள் எல்லோரும் கெட்டிக்காரிகள்.

தெய்வமணியும் அன்றுவரை கெட்டிக்காரியாகத்தான் இருந்தாள்.

அன்று பிற்பகல் அவளுக்குப் பரீட்சை. போன வருடம் இதே பாடத்தின் பரீட்சையன்று பாதை பூட்டியதால் அவள் பாலத்தடியிலிருந்து வீட்டுக்குத் திரும்பினாள். இந்த முறையும் விட்டால் படிப்பு அவ்வளவுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். கிரானில் முறை மச்சான் அழகரத்தினம் கலியாணத்துக்குக் காத்திருக்கிறான். அழகரத்தினம் கெட்டவன் இல்லை. சொந்தமாக வயல் இருக்கிறது, கள்ளுக் குடிப்பதில்லை. ஆனால் அவன் கதைப்பதெல்லாம் நெல்லும் எருமையும்தான். அவனை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வந்தது. பரீட்சை எழுதினால் தப்பலாம், எழுதாவிட்டால் எருமையோடு காலம் தள்ள வேண்டும். இந்த ஒரே கணக்கோடுதான் அவள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினாள்.

பாலத்தடியில் பஸ் இறக்கிவிட்டபோது நடு மத்தியானம். ஆனால் வானம் கரிச்சட்டியைக் கவிழ்த்தது போல இருண்டு, மழை சரம் சரமாக விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த ஆண்கள் தலையில் பையைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு ஓடினார்கள். தேநீர்க்கடைத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெண் நின்றாள். குடை இல்லை. சாம்பல் நிறச் சேலை. முகத்தை வாவிப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

தெய்வமணிக்கு நின்று முகம் பார்க்க நேரமில்லை.

"வாங்க அக்கா, சேர்ந்து போவம்" என்றாள், நடந்துகொண்டே.

அந்தப் பெண் அசையவில்லை. தாழ்வாரத்து இருட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"விட்டிட்டுப் போகமாட்டாய்தானே, பிள்ள?"

வேறொரு நாளென்றால் தெய்வமணி நின்று யோசித்திருப்பாள். அன்று அவள் மனம் பரீட்சை மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

"மாட்டன் அக்கா. கெதியா வாங்க."

காவலரணில் அடையாள அட்டையைக் காட்டினாள். சிப்பாய் மழைக்கு எரிச்சல்பட்டு, பார்த்தும் பாராமலும் போகச் சொன்னான். பின்னால் வந்தவளையும் விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவள் பாலத்தில் கால் வைத்தாள்.

ஆண்கள் எல்லோரும் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்கள். பாலத்தின் இரும்புத் தகடுகளில் மழை இரைந்தது. கீழே வாவி கலங்கிச் சேற்று நிறத்தில் ஓடியது. தெய்வமணியின் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஊறிய செருப்பு, ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்று.

"எங்க அக்கா போறீங்க, டவுனுக்கா?"

 தெய்வமணி நடையை எட்டிப் போட்டாள். சளக் சளக்கும் எட்டிப் போட்டது.

அப்போதுதான் அந்த மணத்தைக் கவனித்தாள். வாவிச் சேறு, கண்டல் இலை, இரும்புத் துரு எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு புதுத்துணி மணம். கடையில் புடவைக் கட்டைப் பிரிக்கும்போது வருமே, கஞ்சி போட்ட அந்த மொடமொடப்பு மணம். கொட்டுகிற மழையில் நனைந்த துணி எப்படிப் புதிதாக மணக்கும் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு, கடையில் வாங்கிய உடுப்பைப் பையில் வைத்திருப்பாள் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பல்கலைக்கழகத்தில் படித்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்க வரும்.

மறுமுனைக் காவலரணில் நின்ற சிப்பாய் இளந்தாரி. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"மற்ற ஆள் ஐடென்டி?"

தெய்வமணி திரும்பினாள்.

பாலம் வெறுமையாக இருந்தது. மழைதான் விழுந்துகொண்டிருந்தது.

"நான் தனிய" என்றாள். "ஒரு அக்கா வந்தவ. இப்ப காணல்ல."

சிப்பாய் அவளைப் பார்க்கவில்லை. அவள் இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் பார்த்தான்.

"நங்கி, பொய் வேணாம். ரெண்டு பேர். அவங்க ஐடென்டி இல்ல எண்டா போக ஏலாது." சிங்களத்தில் தங்கச்சி என்று அழைத்த அவன் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது. போன வாரம்தான் பக்கத்து முகாமில் பெண்ணொருத்தி அட்டையில்லாமல் உள்ளே போய் ஏதோ நடந்துவிட்டதென்று ஊரெல்லாம் கதை. "திரும்பிப் போ. அந்தப் பக்கம் போய் சரி செஞ்சி வா."

அவள் திரும்பி நடந்தாள். வேறு என்ன செய்வது? துவக்கு வைத்திருக்கிறவனோடு யார் வழக்காடுவது? பாலத்தின் நடுவில் வந்ததும் அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது.

சளக். சளக்.

இப்போது அது அவளுக்கு மிக அருகில் வந்தது.

மூச்சு விட மறந்து ஓடினாள். தொடங்கிய முனைக்கு வந்தால் அங்கே தடை மரத்தைக் குறுக்கே இறக்கியிருந்தார்கள். இராணுவ வண்டிகளின் கொன்வே வரப்போகிறது, பாலம் பூட்டியாயிற்று, இந்தப் பக்கம் யாரும் வர முடியாது, அந்தப் பக்கம் போ என்று சிப்பாய் துவக்கால் சைகை காட்டினான். அந்தப் பக்கத்தான் இந்தப் பக்கம் போ என்கிறான், இந்தப் பக்கத்தான் அந்தப் பக்கம் போ என்கிறான். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது.

தடை மரத்தடியில் இன்னொரு பெண் துணிமூட்டை மேல் குந்தியிருந்தாள். பொலித்தீனால் தலையை மூடியிருந்தாள். தெய்வமணி அவள் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மூக்கு நுனியில் தொங்கிய மழைத்துளியைப் பார்த்தாள். உயிருள்ள மனுசிதான். வீடு வீடாகப் புடவை விற்கும் காத்தான்குடி றஸீனா என்று கதைத்தபோது தெரிந்தது. டவுனில் சரக்கு எடுத்துக்கொண்டு மழைக்குள் பாலத்தின் மற்ற ஓரமாகத் தனியே வந்தவள், தடை இறங்கியதால் இங்கே அகப்பட்டுக்கொண்டாள். அவள் வயதுக்காரிகளை யாரும் மறிப்பதில்லை.

"என்ன புள்ள இப்பிடி நடுங்குற? குளிரா?"

தெய்வமணி நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடியுமுன்னே றஸீனா மூக்கை உறிஞ்சினாள். தன் மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அது பொலித்தீனுக்குள் இறுகக் கட்டிக் கிடந்தது. அவள் முகம் மாறிப்போயிற்று. அதன் பிறகு அவள் கண்ணை நிலத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"நீ என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

"சேர்ந்து போவம் எண்டுதான்."

"அது மட்டுமா?"

"விட்டிட்டுப் போகமாட்டியோ எண்டு கேட்டா. மாட்டன் எண்டன்."

றஸீனா நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏன்கா அப்பிடிச் சொன்ன?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். கண்ணகை என்று ஒரு பிள்ளை, டவுனில் புடவைக் கடையில் நின்றவள். றஸீனா சரக்கெடுக்கப் போனால் கட்டுப் பிரித்துக் காட்டுவது அவள்தான். போன மாரியில் ஒருநாள், வேலைக்குப் போகும்போது வேறொருத்தியோடு சேர்ந்து பாலம் தாண்டினாள். அந்தப் பக்கத்துக் காவலரணில் மற்றவளைப் போகச் சொல்லிவிட்டு இவளை மட்டும் ஒதுக்கி நிறுத்தினார்கள். நில்லு பிள்ள, விட்டிட்டுப் போகாத பிள்ள என்று இவள் கெஞ்சியதை வரிசையில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"மற்றவ?"

"கிறுகியும் பாக்கல்ல, திரும்பாமலே போயிட்டா." றஸீனா மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். "கண்ணகையக் கூட்டிட்டுப் போனதக் கண்டவங்க இருக்காங்க. திரும்பி வந்ததக் கண்டவங்க இல்ல. இந்தத் துணி மணத்த நான் எங்க கண்டாலும் அறிவன் மகள். அவட கைமணம்."

"எனக்கு இண்டைக்கு சோதின, ராத்தா." தெய்வமணிக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. "நான் போகவேணும்."

றஸீனா மூட்டை முடிச்சை இறுகக் கட்டினாள்.

"இதுக்கு முன்னயும் ஆரோ ரெண்டு பேர் இப்பிடி மாட்டினதாம். இவ என்னோட வந்தவ இல்ல, எனக்குத் தெரியாது எண்டு ஆமிக்காரன்ட முகத்துக்கு நேர சொல்லித்தான் தாண்டினதாம். அவங்க வாக்குக் குடுக்கல்ல. உனக்கு எப்பிடியோ, அல்லாதான் அறிவான்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "சொன்ன பிறகு, மறுகா கிறுகிப் பாக்காத" என்றாள்.

தெய்வமணி மூன்றாம் முறையாகப் பாலத்தில் நடந்தாள்.

இந்த முறை பின்னால் வந்தவள் பேசினாள்.

"பிள்ள."

தெய்வமணி கம்பியைப் பிடித்தாள். கை வழுக்கியது.

"சோதின முடிய வருவாய்தானே?"

சாதாரணக் குரல். பக்கத்து வீட்டு அக்கா கேட்பது போல. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. பயத்தைவிட வெட்கம் அவள் முதுகில் ஏறி உட்கார்ந்தது. நின்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? உங்களுக்கு என்ன நடந்தது அக்கா என்று கேட்டால் என்ன? கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் நிற்க வேண்டும். நின்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் கிரான். அவள் நடந்தாள்.

அதே இளந்தாரிச் சிப்பாய். அவன் கண்கள் அதே இடத்தைப் பார்த்தன.

"மற்ற ஆள் ஐடென்டி?"

"அவ என்னோட வந்தவ இல்ல."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"தெரியாதா?"

"தெரியாது."

சிப்பாய் அட்டையைத் திருப்பித் தந்தான். ஒதுங்கி வழி விட்டான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து விரலை மடக்கிக் கூப்பிட்டான்.

"நீ இங்க வா."

சளக்.

அந்தச் சத்தம் அவள் முதுகை விட்டு விலகியது. மண்மூட்டைப் பக்கமாக, மெதுவாக, ஒவ்வோர் அடியாக விலகிப் போனது. நடுவில் ஒருதரம் நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

வந்தாறுமூலை பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. மிதிபலகையில் தொற்றி ஏறினாள். நடத்துநர் அவளை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னான்:

"மிதிபலகையில நிக்காம ரெண்டு பேரும் உள்ளுக்குப் போங்க."

நெரிசலில் அவளுக்குப் பின்னால் யார் யாரோ நின்றார்கள். அவர்களைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

பரீட்சையை எழுதினாள். நன்றாகவே எழுதினாள், அதுதான் அதிசயம். வினாத்தாளைக் கண்டதும் கை தன்பாட்டில் ஓடியது. மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது மழை விட்டு, சாய்ந்த வெயில் வளாகத்து மரங்களில் மினுங்கியது. கிரான் இல்லை, எருமை இல்லை. அவளுக்குச் சந்தோசப்பட வேண்டும் போல இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போக அந்தப் பாலத்தை விட்டால் பாதையில்லை என்ற நினைப்பு வந்ததும் நடந்தவள் நின்றுவிட்டாள். வளாக விடுதியில் தங்கலாம் என்றால் பொழுது பட்டபின் மகள் வீட்டில் இல்லையென்று அம்மா ஒவ்வொரு காவலரணாகத் தேடிக்கொண்டு வருவாள். அதைவிட ஆபத்து வேறில்லை.

மாலை வெயில் இருக்கும்போதே டவுன் பக்கப் பாலத்தடிக்கு வந்துவிட்டாள். பாதை திறந்திருந்தது. மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் துணை பார்த்துக்கொண்டு நின்றார்கள், சிரிப்பும் கதையுமாக. காவலரணில் வேறு ஆள்கள் மாறியிருந்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

மரக்கறிப் பையோடு நின்ற ஒரு நடுத்தர வயதுக்காரியிடம் போனாள். இந்த முறை முதலில் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பையிலிருந்து எட்டிப் பார்த்த முருங்கைக்காயையும் பார்த்தாள்.

"சேர்ந்து போவமா, மாமி?"

அவள் தெய்வமணியைப் பார்த்தாள். பிறகு இடது தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"உனக்குத்தான் துணை நிக்கே, மகள். மறுகா என்ன?"

தெய்வமணி பக்கத்தில் நின்ற இன்னொருத்தியைப் பார்த்தாள். அவளும் அந்தத் தோளுக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூண்டு பேராப் போனா அவன் கூட்டமெண்டு மறிப்பான்" என்றாள் மரக்கறிப் பைக்காரி. போக எடுத்தவள் மனம் கேளாமல் நின்றாள். அவள் குரலில் கண்டிப்பு ஏறியது. "எல்லாரும் காஞ்சி போயிட்டம், அந்தப் பிள்ள மட்டும் தெப்பமா நனைஞ்சி அழுதுகொண்டு நிக்கிது. நீ எண்டா முன்னால முன்னால போறாய். என்ன மனம்கா உனக்கு? கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போ."

அவள் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு நடந்துவிட்டாள். மற்றவர்களும் இரண்டிரண்டு பேராகக் கிளம்பினார்கள். மரத்தடி வெறுமையாயிற்று. பொழுது படுவதற்குள் தாண்டாவிட்டால் பாலத்தைப் பூட்டிவிடுவார்கள்.

தெய்வமணியின் காலடியில் காய்ந்த மண்ணில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவளுக்கு இனி ஓட எந்தப் பக்கமும் இல்லை. பிற்பகல் முழுதும் அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பயத்திலா, செய்த காரியத்தை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பாமலே இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

"வாங்க அக்கா" என்றாள். "இந்தமுறை விடமாட்டன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விரல்கள் வந்தன. வாவித் தண்ணீரின் குளிர்ச்சி. மெலிந்த விரல்கள், ஆனால் பிடி இறுக்கம்.

இரண்டு பேருமாகப் பாலம் தாண்டினார்கள். சிப்பாய்கள் எதுவும் கேட்கவில்லை.

மறுகரையில், பூட்டிக் கிடந்த தேநீர்க்கடைக்கு முன்னால், வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல் தெய்வமணி தன் கையைத் தளர்த்தினாள்.

அந்தப் பிடி தளரவில்லை.